பறவை இல்லாத பூரணம்

பதினொரு நாளாய்ப் பாம்பனில் கூண்டு இறங்கவில்லை.
படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
கயிற்றில் கிடக்கின்றன.
கோழிக்கடை லிகோரி கடன் நோட்டை மூடிவிட்டு
என்னைப் பார்த்துச் சிரித்தான்.
அந்தச் சிரிப்பை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது.

ஆக, பறவை இல்லை.

பானை இருக்கிறது.
நாத்தனார் டெல்பின் குவைத்திலிருந்து
ஷாம்பு பாட்டிலுக்கும் போர்வைக்கும் நடுவில்
பத்திரமாய் வைத்து அனுப்பியது.
அவள் வேலை செய்த வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கியது.
கண்ணாடி மூடியில் ஒரு கீறல்.
திருகினால் மூன்றே நிலை:
மெதுவாக, கொஞ்சம் வேகமாக, சும்மா சூடாக.
கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு
யாரும் இவ்வளவு தெளிவாய்ச் சொல்லவில்லை.

அதன் பிளக் நம் சுவரில் நுழையாது.
இன்னாசி வாலை வெட்டி வேறு வால் வைத்தார்.

கூடவே வந்த சிறு புத்தகத்தில் ஒரு படம்.
பெரிய பறவை, வயிறு பிளந்து,
உள்ளே ரொட்டியும் வெங்காயமும்
பெயர் தெரியாத ஓர் இலையும்.
மகள் ஷெர்லின் எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
"பறவைக்குள்ளும் வைக்கலாம்,
பானையில் தனியாகவும் வேக வைக்கலாம்."
அந்த இரண்டாவது வரி
எங்களுக்காகவே அச்சடித்தது.

மூன்று நாள் பழைய ரொட்டி, பேக்கரியில் பாதி விலைக்கு.
வெயில் இல்லாததால் தோசைக்கல்லில் காயவைத்தேன்.
சின்ன வெங்காயம். சோம்பு. நாலு பச்சை மிளகாய்.
படத்து இலை மேலே பூனைமயிர் மாதிரி இருந்தது.
கிணற்றடி ஓமவல்லியும் அப்படித்தானே,
பறித்துப் போட்டேன்.
கோழிச்சாறுக்கு இறால் தலை இடித்து வடித்த சாறு.
முந்திரி கேட்டிருந்தது;
சென்னாகுனி ஒரு பிடி வறுத்துத் தூவினேன்.
டெல்பின் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.
பிறகு ஒரு வாய் கேட்பாள்.

ஆறு மணி நேரம், மெதுவாக.
மாலை ஐந்துக்குப் போட்டால்
பாலன் பூசைக்குக் கிளம்பும்போது வெந்திருக்கும்.
தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு ஏறியதும்
பானையின் சிவப்புக் கண் மங்கியது.
எட்டரைக்குக் காற்று ஒரு புரட்டுப் புரட்டியது.
தங்கச்சிமடம் முழுக்க ஒரே நேரத்தில்
நட்சத்திரங்கள் போயின.

மூடியைத் தொட்டேன். சூடு இருந்தது.
ரொட்டி இன்னும் ரொட்டியாகவே இருந்தது.
அடுப்பில் வைத்தால் பீங்கான் வெடிக்கும்.

இன்னாசி ஒன்றும் பேசாமல் வெளியே போனார்.
திரும்பியபோது தோளில்
படகின் தெர்மாகோல் ஐஸ் பெட்டி.
பதினொரு நாளாய் மீன் பார்க்காதது,
இன்னும் மீன் வாடை மறக்காதது.
இரண்டு சாரத்தைச் சுற்றி
பானையை அதற்குள் இறக்கினார்.
"இதுலயா?" என்றேன்.
"அதுக்கு ஐஸ்னு தெரியுமா, சூடுனு தெரியுமா?
உள்ள இருக்கறத வெளிய விடாது. அவ்வளவுதான்."
மூடி, மேலே நங்கூரக் கல்லை வைத்தார்.

பூசையில் எனக்குப் பிரசங்கம் ஏறவில்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
குடிலுக்குள் வைக்கோலில் பாலனைக் கிடத்தினார்கள்.
எனக்குப் பெட்டி ஞாபகம்.
மன்னித்துக்கொள்ளும் ஆண்டவரே,
அந்த வைக்கோலும் சூட்டுக்குத்தானே.

ஒன்றரைக்கு வந்து கல்லை நகர்த்தினோம்.
ஆவி முகத்தில் அடித்தது.
ரொட்டி எல்லாச் சாற்றையும் குடித்து
கரண்டிக்கு இளகி வந்தது.
ஓரம் மட்டும், கரண்ட் இருந்த நேரத்துக் கோபத்தில்,
கருகி ஒட்டியிருந்தது.
டார்ச் வெளிச்சத்தில் நின்றபடியே தின்றோம்.
ஷெர்லின் கேட்டாள்:
"பூரணம்னா உள்ள வைக்கறதுதானம்மா?
இது எதுக்குள்ள இருக்கு?"
இன்னாசி வாய் நிறைய வைத்துக்கொண்டு
தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

விடிந்து, சுரண்டிய கருகலை
வேலியோரம் கொட்டினேன்.
மிக்கேல் வீட்டு வான்கோழி,
ஊரிலேயே கிறிஸ்துமஸைத் தாண்டிய ஒரே வான்கோழி,
தாடி ஆட ஆட வந்து
ஒரு பருக்கை விடாமல் கொத்தி முடித்தது.

ஷெர்லின் புத்தகத்தை எடுத்து
முதல் வரியை மறுபடி வாசித்தாள்.